அரைத் தோலா

பினாங்கிலிருந்து வந்த பெட்டியில்
ஐம்பது இருந்தன.
சுண்டுவிரலில் இரண்டு கணு உயரம்.
பித்தளை அடியில் இருபத்தைந்து, ஒரு கோடு, இருபது.
செய்த கம்பெனியே நிறுத்திவிட்டதாம்.
சுட்ட கூட்டை அவர் வீசுவதில்லை,
என் ஊசி டப்பாவில் போட்டுவைப்பார்.
நூல் சுற்ற வசதி.

தோப்புத்துறையில் சிரித்தார்கள்.
"மானுக்கா இது?
மடையானுக்கே காணாதே அபூசாலிகு."
கனத்த தோட்டா ஆகாது என்பார் அவர்.
அது விழும்போதே உயிரை எடுத்துக்கொண்டு போய்விடும்,
கத்திக்கு மிச்சம் வைக்காது.
இதுவென்றால்
ஓடிப்போய்ப் பிஸ்மி சொல்லி அறுக்கும் வரை
கண் திறந்திருக்கும்.

ஆனால் கிட்டப் போக வேண்டும்.
கோடியக்கரைச் சதுப்பில் ஒளிய ஒரு தூறு கிடையாது.
உமரி முழங்காலுக்கு, அதற்குமேல் வானம்.
வெளிமானுக்கோ
கண்தான் காது, கண்தான் மூக்கு.
கச்சான் காற்று எதிரே வர
வயிற்றால் ஊர்ந்து, சட்டையெல்லாம் உப்புப் பூத்து,
அறுபது எட்டு.
ஒரு எட்டு தள்ளிச் சுட்டாலும் பாவம் என்பார்.
நம்பினேன்.
அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான்,
முழங்கைக் கிழிசலைத் தைத்தவள்.

கறி வெட்டுவதும் நான்தான்.
நின்ற இடத்தில் விழுந்த மான் வெளிர்ந்திருக்கும்.
ஓடி ஓடி விழுந்தது கறுத்துப்போய்
மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசினாலும்
விரலில் ஒட்டும்.
அவர் சொல்வது ஒன்று, சட்டி சொல்வது ஒன்றாக
சில நாள் இருந்ததுண்டு.
கேட்டதில்லை.

ரஜபு பிறை பதினொன்றில்
ஒரு கலை கொண்டுவந்தார்.
கொம்பில் நாலு முறுக்கு.
ஒரே வெடி, கழுத்தில், நாற்பது எட்டில்.
உண்மைதான். கழுத்தில்தான் ஓட்டை,
கறியும் வெளுத்துத்தான் இருந்தது.

இடது தொடையைப் பிரிக்கும்போது
அரிவாள்மணை 'ணக்' என்றது.
எலும்பில்லாத இடம்.
வெள்ளைச் சவ்வுக்குள், தோல் உரிக்காத நுங்குபோல,
ஈயம்.
சீழில்லை, வாடையில்லை.
சதை அதைச் சுற்றி அறை கட்டி
கதவையும் பூசியிருந்தது.

இந்தத் தடிமனில் ஈயம்
இந்தக் கரையில் வேறு யாரிடமும் கிடையாது.

பத்தர் வீட்டுத் தராசை இரவல் வாங்கினேன்.
அரைத் தோலாவுக்கு நாலு குண்டுமணி குறைவு.
ஊசி டப்பாவைக் கொட்டி எண்ணினேன்.
கூடு முப்பத்தொன்பது.
வீட்டுக்கு வந்த மான் பதினெட்டு.
கொல்லையில் சிரட்டை வைத்துக் குறி பார்த்தது ஐந்து.
மற்றதெல்லாம்
"படல, ருகையா. தப்பிருச்சு."

தப்பியது எத்தனை மழை பார்த்ததோ.
எத்தனை பெட்டையைத் துரத்தியதோ
அரைத் தோலாவைச் சுமந்துகொண்டு.
பதினாறில் இது ஒன்று.
சதுப்பைப் பார்க்கிற ஜன்னலைச் சாத்தினேன், ஏனோ.

சோறு வைத்தேன்.
ஊறுகாய் வைக்கும் ஓரத்தில் ஈயத்தை வைத்தேன்.
எலும்பென்று எடுத்தவர்
விரலிடுக்கில் உருட்டினார்.
"எந்தக் காலு?"
"இடது."
ரசத்துக்கு வந்த பிறகுதான் பேசினார்.
"நூத்தி இருவது எட்டு இருக்கும். அந்தி நேரம்.
அது ஆடவே இல்ல புள்ள. நின்னு திரும்பிப் பாத்துச்சு.
படலன்னு நெனச்சேன்."
பிறகு,
"நெனச்சுக்கிட்டேன்."

அடுத்த வெள்ளி போனார்.
இருட்டியபின் சட்டை வந்தது,
முழங்கை முழுக்கச் சேறு,
மார்பில் உப்பு, பொத்தான் ஒன்றைக் காணோம்.
வேலியில் முருங்கைக்கீரை இருந்தது, அதை ஆய்ந்தேன்.
அவர் குளிக்கப் போன நேரம்
பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
முந்தின நாளும் பதினொன்று.